குட்டையில் இருந்தவை அனைத்தும்

ஜனவரி 30, செவ்வாய்

முதல் வாக்கியத்தை மறுபடி அழித்தேன்.

'ஹெரால்ட் பென்னக் மலாயாவின் ஆரம்பகால விலங்கியலாளர்களில் ஒருவர்.' செத்த வாக்கியம். யாரைப் பற்றியும் இப்படி எழுதலாம்.

அப்பா தாளை மடித்து வைத்துவிட்டு யார் அந்த ஆள் என்று கேட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் கிள்ளானில் காய்ச்சலில் செத்துப்போன வெள்ளைக்காரர் என்றேன். ரயில் பாதை அளக்க வந்தவர், பாதையை விட்டுவிட்டு மீன், தவளை, வௌவால் என்று பிடித்துப் பெயர் வைக்கப் போனவர். அவருடைய வாழ்க்கையும் வேலையும்தான் என் முதுகலை ஆய்வேடு.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த பிரிக்பீல்ட்ஸ் வீடே அந்த வேலையில் வந்ததுதான்.

"ரயில்வே வேலைய உட்டுட்டு மீன் புடிச்சானா? பென்ஷன் கெடச்சிருக்காதே."

கிடைக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் போய்விட்டார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பல்கலைக்கழக விலங்கியல் சேமிப்பறை. ஜன்னல் கிடையாது. எப்போதும் சாராய வாடை. அலமாரி அலமாரியாக, செத்த உயிர்களைச் சாராயத்தில் போட்டு வைத்த ஜாடிகள்.

பென்னக்கின் ஜாடியை இன்று முதல் முறையாகக் கையில் எடுத்தேன். சண்டைமீன்கள். ஒன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. 1903-இல் டெங்கில் பக்கம் ஒரு சதுப்புக் குட்டையில் பிடித்தவை. முத்திரை அரக்கின் சிவப்பு என்று கட்டுரையில் எழுதுகிறார். ஜாடியில் இருப்பது ஆறிப்போன தேநீரின் நிறம். சாராயம் முதலில் நிறத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மனைவி எலைசாவின் பெயரை அதற்கு வைத்தார். எலைசா இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. தன் பெயரில் ஒரு மீன் இருப்பதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள்? எங்கும் இல்லை.

அவருக்குப் பிறகு எந்த ஆய்வாளரும் அதைப் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் — 'வறட்சியில் குட்டை சுருங்கியிருந்தது. வாளியால் நீரை இறைத்து, குட்டையில் இருந்தவை அனைத்தும் பெறப்பட்டன.'

அனைத்தும். எவ்வளவு முழுமை. பென்சிலால் கோடு போட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு டாக்டர் நோராய்னியின் அறைக்குப் போனேன். என் மேற்பார்வையாளர். அவர் எதுவும் கேட்கவில்லை. விபூதி என்று நினைத்திருப்பார்.

வாழ்க்கை வரலாறு மட்டும் போதாது என்றார். அவர் நின்ற இடத்தில் நீயும் நின்று பார். படமாவது எடுத்து வா.

விமலன் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறான். மரபணுக் கூடத்தில் என்னோடு படிக்கிறவன். கூலியாக ஒரு நாசி லெமாக் சோறு வாங்கித் தர வேண்டுமாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

டெங்கில்.

பென்னக் சொல்லும் ஆற்று வளைவை விமலன் பழைய வரைபடத்தில் வைத்துக் கண்டுபிடித்திருந்தான். நான் காட்டை எதிர்பார்த்துப் போனேனா? இல்லை. ஆனாலும் கார் நின்றதும் ஏதோ ஏமாற்றம். நாலு பக்கமும் செம்பனை. நடுவில் பழைய தோட்டத்து லயம் ஒன்று, தகரக் கூரை வீடுகள், ஒரு முனியாண்டி கோயில். கோயிலுக்குப் பின்னால் மட்டும் யாரும் வெட்டாத ஒரு துண்டுச் சதுப்பு. சாமி இடம் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

தோட்டத்தை விற்றாகிவிட்டது. வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது. மண் லோரிகள் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் நிரப்பிக்கொண்டு வருகின்றன. லயத்தில் இருப்பவர்கள் போக மறுக்கிறார்கள்.

முதலில் எங்களைக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். குடியிருப்போர் குழுத் தலைவர் பரமேஸ்வரன், ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர், எங்கள் காருக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மீன் தேடி வந்தோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மீனா? பாசார்ல இல்லாத மீனா இங்க இருக்கு?"

பென்னக்கின் கட்டுரையில் இருந்த மீன் படத்தைக் காட்டினேன். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். புத்ராஜெயாவில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் துப்புரவு வேலை, சீருடையோடே இருந்தார். பெயர் இராஜம்மா. இது சண்டைமீன்தானே, எங்க பையனுங்க பாட்டலில் போட்டுச் சண்டைக்கு விடுவானுங்களே என்றார்.

அந்தச் சதுப்பின் நடுவில் குட்டை, பாதி வற்றியிருந்தது. கறுப்புத் தண்ணீர், காய்ச்சின கோப்பி மாதிரி. குனிந்து வெகுநேரம் பார்த்தோம். ஒன்றுமில்லை. பிறகு ஒரு காய்ந்த இலைக்கு அடியில் — சிவப்பு.

முத்திரை அரக்கின் சிவப்பு.

விமலன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் ஏன் அழுதேன்?

பிப்ரவரி 20, செவ்வாய்

டாக்டர் நோராய்னி எழுந்து நின்றுவிட்டார். படம் போதாது, மாதிரி வேண்டும் என்றார். ஒன்றிரண்டு அல்ல, தொகுதி. ஆண், பெண், குஞ்சு, எல்லா அளவிலும். அப்போதுதான் இது பென்னக்கின் மீன்தான் என்று யாரும் மறுக்க முடியாது. மீன்வள இலாகாவுக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டார்.

மாலை பரமேஸ்வரன் கூப்பிட்டார். அவர்களுடைய வழக்கறிஞர் சொன்னாராம், அழிந்துபோனதாக நினைத்த உயிர் அங்கே இருப்பது நிரூபணமானால் கம்பெனியின் சுற்றுச்சூழல் அனுமதியே நின்றுவிடும். குரலில் முதல் நாள் சிரிப்பு இல்லை.

"எங்க நாப்பது வீட்டுக்கு நிக்காத லோரி, ஒரு மீனுக்கு நிக்குமாலா?"

நிற்கலாம் அங்கிள் என்றேன்.

மார்ச் 9, சனி

இன்று எடுத்தோம்.

மழை பெய்து வாரக்கணக்காகிறது. குட்டை இன்னும் சுருங்கி, ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு வந்துவிட்டது. நல்லது என்றான் விமலன், பிடிக்கச் சுலபம். பென்னக் வந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். அதே மாதம். அதே வறட்சி. சேற்றில் இறங்கும்போது ஒரு கணம் எனக்குப் பின்னால் அவர் நிற்பது போல — தொப்பி, வாளி. அபத்தம். ஆனால் சந்தோஷமாக இருந்தது. எழுதத்தான் வேண்டும், சந்தோஷமாக இருந்தது.

பதினொன்று. பெரிய ஆண் ஒன்றே ஒன்று. அது இலைக்கடியில் நுரைக் கூட்டைக் காத்துக்கொண்டிருந்தது. கூட்டில் முட்டைகள். பென்னக் கூட்டைப் பற்றி எழுதவே இல்லை. இது புதுத் தகவல். நுரையையும் ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டேன்.

இராஜம்மா அக்கா கரையில் குடையோடு நின்று முழு நேரமும் பார்த்தார். என்னை 'மீனு' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். மீன் தேடி வந்த பிள்ளை, மீனு. கிராம்பு எண்ணெயை எதற்குத் தண்ணீரில் ஊற்றுகிறாய் என்று கேட்டார். வலி தெரியாமல் தூங்கிப்போகும் என்றேன்.

"அப்பறம் எழும்புமா?"

எழும்பாது அக்கா.

வீட்டுப் பக்கம் போனார். அப்புறம் மைலோ பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒண்ண எனக்கு உடேன். அந்தச் செவப்பா இருக்கறத. ஒய்.பி. ஆளுங்க வந்தா காட்டுவேன்ல."

ஒய்.பி. என்றால் அந்த வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர். நான் சிரித்துவிட்டேன். அந்த ஆண்தான் முக்கியம், அது இல்லாமல் தொகுதி முழுமையாகாது, நீங்க கவலைப்படாதீங்க, குட்டையில் இன்னும் இருக்கும் என்றேன்.

வரும் வழியில் விமலனின் கார் முழுக்க கிராம்பு வாசம்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா ஆட்டிறைச்சிப் பெரட்டல் வைத்திருந்தார். நோன்பு முடிந்த நாள், அம்மா தட்டில் அள்ளி அள்ளி வைத்தார். கிராம்பு ஒன்று பல்லில் கடிபட்டது. துப்பிவிட்டேன்.

என்னடி, கல்லா, என்றார் அம்மா.

ஏப்ரல் 17, புதன்

விமலன் எடுத்த மரபணு முடிவுகள் வந்துவிட்டன. வேறு எந்தச் சண்டைமீனோடும் ஒட்டவில்லை. உருவ அளவுகள் பென்னக்கின் ஜாடியோடு அச்சாகப் பொருந்துகின்றன. எலைசா உயிரோடு இருக்கிறாள்.

டாக்டர் நோராய்னி அறிக்கையை இலாகாவுக்கு அனுப்பினார். ஆய்வுக் கட்டுரைக்கு என் பெயர்தான் முதலில்.

இரண்டு நாளாக மழை.

ஏப்ரல் 26, வெள்ளி

இராஜம்மா அக்காவின் குரல் செய்தி. பின்னால் கோயில் மணி, யாரோ சிரிக்கிறார்கள்.

"லோரி நின்னுபோச்சு மீனு. கம்பெனிக்காரன் போர்டையே கழட்டிட்டுப் போறான். பரமு ஆடுறாரு பாரு, இந்த வயசுல."

மூன்று முறை கேட்டேன். அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு மீனு லோரியவே நிறுத்திருச்சா என்றார். அன்றைக்கு முழுக்க அவருக்கு அதுதான் பேச்சு.

மே 14, செவ்வாய்

இலாகா ஆட்களும் கம்பெனி நியமித்த ஆய்வாளர்களும் குட்டையைப் பார்க்க வந்தார்கள். வலை, பொறி, எல்லாம் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள்.

ஒன்றும் இல்லை.

மழையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, பரவிப் போயிருக்கும் என்றேன். திரும்ப வருகிறோம் என்றார்கள்.

மே 28, செவ்வாய்

திரும்ப வந்தார்கள். இல்லை.

ஜூன் 1, சனி

விமலனும் நானும் விடிந்ததிலிருந்து. குட்டை, கோயில் பின்புறம், செம்பனைக் கால்வாய்கள் எல்லாம். கால்வாயில் கப்பி மீன் இருக்கிறது. வெளியூர் மீன், எந்தச் சாக்கடையிலும் வாழும். சிவப்பு எங்கேயும் இல்லை.

விமலன் வலையைக் கழுவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்.

"நாம எல்லாத்தயும் எடுத்துட்டோம் குளோரியா."

இல்லை என்றேன். சத்தமாக.

ஜூன் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அம்மா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பென்னக்கின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். 'குட்டையில் இருந்தவை அனைத்தும்.' அதற்கடியில் என் பென்சில் கோடு.

அவரும் எல்லாவற்றையும்தான் எடுத்தார். வாளியால் இறைத்து, கடைசிக் குஞ்சு வரை. ஆனாலும் நூற்றிருபது வருஷம் மீன் இருந்தது. எப்படி?

அவருக்குப் பின்னால் காடு இருந்தது.

அவ்வளவுதான். மழை வந்ததும் வெள்ளம் காட்டுக்குள்ளிருந்து வேறு மீன்களைக் கொண்டுவந்து அதே குட்டையில் விட்டுவிட்டுப் போயிருக்கும். அவர் எடுத்தது ஒரு பெரிய சதுப்பின் ஒரு கைப்பிடி. எனக்குப் பின்னால் செம்பனை. செம்பனைக்குப் பின்னால் நெடுஞ்சாலை. மழை வந்தது, தண்ணீரை மட்டும் கொண்டுவந்தது.

அதே மாதம், அதே வறட்சி, அதே முறை என்று நான்தானே சந்தோஷப்பட்டேன்? குட்டை சுருங்கிவிட்டது என்று அன்று நானே எழுதினேன். மீனெல்லாம் ஓர் இடத்தில் ஒதுங்கியிருக்கும், பிடிக்கச் சுலபம் — அதன் மறுபக்கம் கண்ணில் படவில்லை. ஒதுங்கியவை அவ்வளவுதான் என்பது. இன்னும் இருக்கும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

முட்டையைக்கூட விடவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

டாக்டர் நோராய்னியிடம் சொன்னேன். முறைப்படிதான் செய்தாய், அனுமதியோடு செய்தாய், தொகுதி எடுக்கச் சொன்னது நான் என்றார். பிறகு, எடுக்காமல் இருந்திருந்தால் நிரூபித்திருக்கவே முடியாது என்றார்.

உண்மை. நிரூபணம் இருக்கிறது. மீன்தான் இல்லை.

இலாகாவுக்கு வேண்டியது இப்போது அங்கே வாழ்கிறதா என்பது மட்டும். வாழ்ந்தது என்பது இல்லை.

ஜூன் 15, சனி

கோயிலில் கூட்டம். என்னையும் வரச் சொன்னார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ரயிலில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பரமேஸ்வரன் எழுந்துவிட்டார். கம்பெனிக்காரன் குட்டையில் மருந்து ஊற்றிவிட்டான் என்றார். அவன் ஆய்வுக்கு வருவதற்கு முந்தின வாரம் ஒரு பிக்கப் வந்து நின்றதை அவரே கண்ணால் பார்த்தாராம். ஜனங்கள் கொந்தளித்தார்கள். யாரோ போலீசில் சொல்ல வேண்டும் என்றார்கள். இன்னொருவர் நிருபரையே கூட்டி வந்திருந்தார்.

பரமேஸ்வரன் என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச புள்ள நீயே சொல்லும்மா. மருந்து ஊத்துனா மீனு செத்துத்தானே போவும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இராஜம்மா அக்காவும்.

"ஆமா" என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

செய்தித்தாளில் பரமேஸ்வரன், விரலை நீட்டியபடி. அடியில், 'மீனைக் கண்டுபிடித்த ஆய்வாளரும் இதை உறுதி செய்தார்.'

அப்பா என் பெயரைத் தேடினார். போடலையே, என்றார்.

இன்றே போன் செய்து மறுத்திருக்கலாம். நாளைக்கும் செய்யலாம். செய்யலாம் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்ன மனுஷி நான்?

ஜூலை 6, சனி

குட்டைத் தண்ணீரையும் சேற்றையும் சோதித்துவிட்டார்கள். மருந்து எதுவும் இல்லை. இருக்காது என்று இந்த நாட்டில் சிலருக்குத் தெரியும். விமலன், நான், டாக்டர் நோராய்னி.

கம்பெனி பரமேஸ்வரன் மேல் அவதூறு வழக்கு போடப்போகிறதாம்.

ஜூலை 13, சனி

கிள்ளான். பென்னக்கின் கல்லறையைத் தேடிப் போனேன். இதைச் செய்யாமல் ஆய்வேடு முடியாது. அல்லது வீட்டில் இருக்க முடியவில்லை.

பழைய இடுகாடு இருந்த இடத்தில் கடைகளுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். எலும்புகளை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். யாரண்ணே இங்கே புதைச்சிருந்தாங்க என்று கேட்டேன். தெரியாதும்மா, கார் போடணுமா, இடம் இருக்கு என்றார்.

இங்கே இருந்தபோது அவர் ஒரு நீர்நாய்க் குட்டி வளர்த்தார். டாமி என்று பெயர். மேசைக்கடியில் தூங்கும், அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று எழுதுகிறார். அந்தக் கட்டுரையில் மட்டும் அவர் வேறு ஆள். டாமி செத்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அதன் வால் நீளத்தை அளந்திருக்கிறார். தோல் எங்கள் சேமிப்பறையில் இருக்கிறது, மூன்றாவது இழுப்பறை.

முன்பெல்லாம் கட்டுரையில் இந்த இடம் வந்தால் அவரை வெறுத்துவிட முயல்வேன். முடியாது. இன்று முயலவில்லை. அளக்கும்போது கை நடுங்கியிருக்குமா? அளவில் அது தெரியாது.

ஜூலை 22, திங்கள்

கம்பெனிக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. 'முன்னர் பதிவான இனம் தற்போது அவ்விடத்தில் காணப்படவில்லை.'

பரமேஸ்வரன் வழக்கறிஞர் அலுவலகத்தில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பெட்டாலிங் ஜெயாவில். விமலன் சொன்னான்.

ஆகஸ்ட் 17, சனி

உடைத்தார்கள்.

நான் போனேன். போகக் கூடாது என்று விமலன் சொன்னான், பிறகு அவனே கூட்டிப் போனான். முதலில் கூரைத் தகரங்களைக் கழற்றி அடுக்கினார்கள். இரும்புக்காரன் ஏற்கெனவே வந்து நின்றான். புல்டோசர் வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கியது. சுவர்கள் அவ்வளவு சத்தம் போடாமல் விழுந்தன. பழைய பலகைதானே.

முனியாண்டியை ஒரு வேனில் ஏற்றினார்கள். பூசாரி சிலையின் முகத்தைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இராஜம்மா அக்கா பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். முடிச்சுப் போட்டோம். என்னை அவர் மீனு என்று கூப்பிடவில்லை. பெயரே சொல்லவில்லை.

மதியம் குட்டையில் மண் கொட்டினார்கள். மூன்று லோரி. ஒன்றே போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கட்டுரை வெளியாகிவிட்டது. என் பெயர் முதலில். தலைப்பில் 'மறுகண்டுபிடிப்பு' என்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

அம்மா அச்செடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தார். எடுத்துவிட்டேன். திரும்ப வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

டெங்கிலில் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் அடுக்குமாடி. லிப்ட் வேலை செய்யவில்லை, ஏறிப்போனேன். இராஜம்மா அக்கா தரையில் தாளை விரித்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பீரோ கதவுக்குப் பாதி குறுக்காக நின்றது. வேறெங்கும் அது நுழையவில்லை.

சொன்னேன். பதினொன்றும்தான் கடைசி என்று. யாரும் மருந்து ஊற்றவில்லை, நான்தான் என்று.

கத்தி நிற்கவில்லை.

"தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"கூட்டத்துல பரமு கேட்டப்ப நீ ஆமான்ன பாரு. அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்."

பிறகு நறுக்கியதை எல்லாம் சட்டியில் தள்ளினார். எண்ணெய் ஊற்றினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேட்டேன் உன்கிட்ட. ஒண்ணே ஒண்ணு. பாட்டல நீட்டிக்கிட்டு நின்னேன்."

பரமேஸ்வரன் அங்கிளிடமும் போய்ச் சொல்லிவிடுகிறேன், அடுத்த மாடிதானே என்றேன். அப்போதுதான் திரும்பினார். அப்போதுதான் கோபம்.

"சொல்லிறாத. மருந்து ஊத்துனான் மருந்து ஊத்துனான்னு இன்னும் தெனைக்கும் பேசிக்கிட்டு இருக்காரு. அந்தாளுக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அதயும் புடுங்கிட்டுப் போயிராத."

அப்படியானால் நான் இதை எங்கே வைப்பது?

கேட்கவில்லை. கேட்கிற உரிமை இல்லை. இறங்கும்போது பரமேஸ்வரன் படிக்கட்டில் எதிரே வந்தார். மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம மீன விஷம் வச்சுக் கொன்னுட்டானுங்க பாத்தியாம்மா என்றார். நம்ம மீன் என்றார்.

தலையை ஆட்டினேன். இரண்டாவது முறை.

அக்டோபர் 9, புதன்

முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது.

'ஹெரால்ட் பென்னக் குட்டையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தார்.'

டாக்டர் நோராய்னி ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். கடுமையாக இருக்கிறதாம். மாற்றவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இராஜம்மா அக்காவுக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

நவம்பர் 9, சனி

காலையில் அவரே கூப்பிட்டார். இன்று லீவு, அந்த மீனைப் பார்க்க முடியுமா என்று.

ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். தீபாவளிச் சேலை கட்டியிருந்தார், மடிப்பு கலையாமல். வழியெல்லாம் பேசினார் — லிப்ட் வேலை செய்கிறது, பீரோவை விற்றாகிவிட்டது, பரமுவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. சேமிப்பறைக் கதவைத் திறந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்றார்.

மேசைமேல் இரண்டு ஜாடிகளையும் வைத்தேன். பென்னக்கினது. என்னுடையது. விளக்கைப் போட்டேன்.

குனிந்து பார்த்தார். கண்ணாடியில் அவர் மூச்சு படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏதோ தேடுகிறார் என்று தெரிந்தது. அந்தச் சிவப்பு ஆணைத்தான்.

"செவப்பா இருந்துச்சே."

நிறம் போய்விடும் அக்கா என்றேன்.

ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு விரலை நகர்த்தினார். இங்கே சில, அங்கே சில. எல்லாம் தலைகீழாக, வாய் திறந்து, ஒரே தேநீர் நிறத்தில். என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இதுல எது அந்தத் தொரையோடது, எது உன்னோடது?"

நான் ஜாடியைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் சொன்னேன்.